கோவளம் கேமராவில் பத்தொன்பது பிரேம்

போன மாதம் கோவளத்து ஐஸ் கம்பெனி மொட்டை மாடியிலிருந்து எங்கள் பழைய எரிகல் கேமராவைக் கழற்றிவிட்டார்கள். அதைச் செங்கல்பட்டு ஆபீஸ் மேசைமேல் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். கண்ணாடி ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. புதிய கேமராக்கள் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கி ஒவ்வொரு பிரேமிலும் தாமே பதித்துவிடும். நான் இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலையில் பாதிக்கு இனி ஆள் தேவையில்லை. படத்துக்குக் கீழே தணிகாசலம் எழுதியிருந்தார்: "அக்கா, இதைத் தூக்கிப் போடறதுக்குள்ள அந்த ஒரு கல் விஷயத்தை எழுதிக் கொடுத்துடுங்க. புதுசா வந்தவங்க கேட்டா இங்க ஆளுக்கு ஒரு விதமா சொல்லிக்கிட்டிருக்கோம்."

ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லப்படும் விஷயங்கள் எனக்கு ஒத்துவராது. அதனால் எழுதுகிறேன்.

நான் அறிவியல் படித்தவள் இல்லை. பி.ஏ. தமிழ். என் அப்பா திருப்போரூர் பக்கத்தில் பிறர் நிலத்தில் அறுப்பு அறுத்தவர். எங்கள் வீட்டில் சம்பள வேலைக்குப் போன முதல் ஆள் நான். சென்னையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் பிழை திருத்தினேன். பிழை திருத்துகிறவள் செய்தியைப் படிக்கக் கூடாது, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அங்கே முதல் நாள் சொன்ன விதி. செய்தி சுவாரசியமாக இருந்தால் கண் ஓடிவிடும், பிழை தப்பிவிடும். ஒரு நாள் எங்கள் பிரிவையே மூடினார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு ஒரு வானியல் திட்டத்துக்கு 'தரவு சரிபார்ப்பு உதவியாளர்' வேண்டும் என்று விளம்பரம் வந்தது. தகுதி என்ற இடத்தில் 'பொறுமை' என்று ஒரே சொல்தான் போட்டிருந்தது. அது அச்சுப்பிழை என்று நினைத்து, சுட்டிக்காட்டித்தான் விண்ணப்பமே எழுதினேன். வேலை கிடைத்தது.

வேலை இதுதான். செங்கல்பட்டு ஆபீஸ் மாடி, மாமல்லபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மாடி, கோவளத்தில் ஐஸ் கம்பெனி மாடி, மூன்றிலும் வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கேமரா. ஒரே எரிகல்லை இரண்டு ஊரிலிருந்து பார்த்தால், அது எந்த உயரத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில் வந்தது என்று கணக்குப் போடலாம். அதை வைத்து, பூமியில் மோதும் முன் அந்தக் கல் சூரியனை எந்தப் பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது என்றும் சொல்லலாம். கிட்டத்தட்ட எல்லாக் கல்லும் சூரியனுடைய சொந்தக் கல்தான். அதன் பாதை மூடிய பாதை. போனால் திரும்பி வரும். சூரியனால் பிடித்து வைக்க முடியாத வேகத்தில் ஒரு கல் வந்தால் அதன் பாதை திறந்த பாதை. அப்படியானால் அது வேறொரு நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதற்கு மையத்தொலைத்தகவு என்று ஓர் எண் உண்டு. ஒன்றுக்குக் கீழே இருந்தால் மூடியது. ஒன்றுக்கு மேலே போனால் திறந்தது. எங்கள் திட்டம் ஒன்றுக்கு மேலே போன கல்லைத் தேடியது.

ஆனால் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கல்லுக்கும் அந்தப் பக்கம் இருக்கும் கல்லுக்கும் வேகத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. நூற்றுக்கு இரண்டு பங்கு தப்பாக அளந்தால் போதும், சூரியனின் கல் அயல் கல்லாகிவிடும். பட்டியலில் திறந்த பாதை என்று விழுகிறவற்றில் ஏறக்குறைய எல்லாமே அளவுப் பிழைதான். ஆகவே தேடுவது என்பது எங்கள் ஆபீசில் நடைமுறையில் தள்ளுவதுதான். ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, காரணம் எழுதி மூட வேண்டும்.

இதெல்லாம் ராத்திரி வேலை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி விழித்திருந்தது கேமரா. நாங்கள் காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரை. பத்து மணிக்கு முந்தின இரவின் பட்டியல் வரும். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள், மாமல்லபுரம் கலங்கரை விளக்கின் ஒளி, வௌவால், மின்னல் எல்லாவற்றையும் முதலில் தள்ளுவேன். மிச்சத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, கல் இருக்கும் புள்ளியில் சொடுக்குவேன். விநாடிக்கு இருபத்தைந்து பிரேம். ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் கல் எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து வேகம் வரும்.

பதினொரு மணிக்கு டாக்டர் ஞானசிகாமணி வருவார். திட்டத்தின் தலைவர். மெலிந்த ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை. என் மேசைக்கு வந்தால் நான் சொல்லும் வரை உட்கார மாட்டார். தாளில் ஒரு மரஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக நகர்த்திப் படிப்பார். 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "இது எனக்குப் புரியலை" என்பார். அவருக்குப் புரியாத எதுவும் அந்த ஆபீசில் அடுத்த கட்டத்துக்குப் போகாது. திறந்த பாதை எது வந்தாலும் மூன்று கேள்வி: "எத்தனை பிரேம்? இரண்டாவது ஸ்டேஷன் என்ன பார்த்தது? யார் அளந்தாங்க?" பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே கல் செத்துவிடும். கண்ணுக்குத் தெரிந்த ஏமாற்றம் எதுவும் இல்லாமல் "சரி, மூடிடுங்க" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போவார். தனக்கும் எனக்கும் அவரே போய் வாங்கி வருவார்.

இப்படிப் பத்து வருடம் மூடினோம். ஒன்றுகூட நிற்கவில்லை.

பதினோராவது வருடம், மழைக்காலத்தில் ஒரு புயல் கரையைக் கடந்தது. கோவளத்தில் எட்டு நாள் மின்சாரம் இல்லை. மாமல்லபுரம் பள்ளிக்கூடத்திலும் இல்லை. அந்தக் கேமரா நின்றுபோனது. புயல் போன மூன்றாம் இரவு கோவளத்தில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த இரவின் பட்டியலில் ஒரு கல் இருந்தது. கோவளம் கேமரா அதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்திருந்தது, பத்தொன்பது பிரேம். செங்கல்பட்டுப் பக்கம் மேகம்; அங்கே கடைசி நாலு பிரேம் மட்டும். திசையை உறுதிப்படுத்த நாலு போதும். வேகம் முழுக்கக் கோவளத்தைச் சார்ந்தது.

மையத்தொலைத்தகவு 1.05. பிழை வரம்பு, ஒன்றுக்கு மேலே போன அந்த 0.05-இல் பாதிகூட இல்லை.

சார் ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே வைத்தார். நகர்த்தவில்லை. மூன்று கேள்வியையும் கேட்டார். நான் பதில் சொன்னேன். "இன்னொரு முறை அளங்க. நீங்க ஒரு தடவை, தணிகாசலம் ஒரு தடவை, நான் ஒரு தடவை. ஒருத்தர் புள்ளியை ஒருத்தர் பார்க்க வேண்டாம்" என்றார்.

தணிகாசலம் திருப்போரூர்க்காரர். கேமராக்களும் மென்பொருளும் அவர் பொறுப்பு. மூன்று பேரும் தனித்தனியாக அளந்தோம். மூன்றும் ஒத்துப்போனது. நட்சத்திரங்களின் இடத்தை வைத்துக் கேமராவின் கோணத்தைச் சரிபார்த்தோம். லென்ஸின் ஓர வளைவைக் கழித்தோம். காற்று தடுத்ததால் குறைந்த வேகத்தைச் சேர்த்தோம். கோவளம் கேமராவின் பிரேம் வேகத்தையும் தணிகாசலம் சோதித்தார்; விநாடிக்குச் சரியாக இருபத்தைந்து. அந்தச் சோதனையைச் செய்தபோது ஊருக்கு மின்சாரம் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அது முக்கியமான விவரம் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு தினசரித் தாள் உண்டு. அதை வடிவமைத்தது நான். வானம், கண்ணாடி, மின்சாரம், குறிப்பு என்று நாலு கட்டம். அந்த இரவுக்கான கோவளம் தாளில் 'மின்சாரம்' கட்டத்தில் 'உண்டு' என்று இருந்தது. எழுதியவர் மோசஸ். ஐஸ் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். கேமராவின் கண்ணாடியைத் துடைப்பதும் தாளை நிரப்புவதும் அவர் எங்களுக்குச் செய்துவந்த உதவி.

அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். புயலுக்கு மறுநாள் நான்தான் அவருக்குப் போன் செய்து, கேமரா வயரைக் கம்பெனி ஜெனரேட்டரில் மாட்டச் சொன்னேன். ஒரு ராத்திரியும் போகக் கூடாது என்றேன். அது எனக்கு மறந்துவிடவில்லை. அதில் யாரிடமும் சொல்லத்தக்கது ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. மின்சாரம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கட்டத்தில் அவ்வளவுக்குத்தான் இடம் விட்டிருந்தேன்.

சார் கட்டுரை எழுதினார். வேறொரு ஊரில் துறைக் கூட்டம் ஒன்று இருந்தது; அதில் பேச இடம் கொடுத்திருந்தார்கள். அவர் ஓய்வு பெறுவதற்கு அப்போது ஒரு மாதம்தான் பாக்கி. பணிக்காலம் முழுக்கத் திறந்த பாதைகளை மூடியே கழித்த மனிதர், ஒன்றைத் திறந்தே விட்டுவிட்டுப் போகப் போகிறார் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரங்களில் ஒரு நாள் அவர் அரைக்கைச் சட்டையில் வந்ததை நான் பார்த்தேன்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கோவளம் ஸ்டேஷனின் படம் ஒன்று வேண்டும் என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை, போனேன். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர், அங்கிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். மூன்று பஸ்.

ஐஸ் கம்பெனி வாசலில் மோசஸ் லாரிக்கு ஐஸ் கட்டி தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொக்கியைச் சுவரில் சாய்த்தார்.

"இன்னா யக்கா, கல்லு கெடச்சதும் இந்தப் பக்கமே காணோம். பெரிய ஆளாயிட்ட."

"இன்னும் உறுதியாகலை மோசஸ். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேனே."

"நான் யாராண்ட சொன்னேன்? டீக்கடையில மட்டும்தான் சொன்னேன்."

"வேற?"

"ஃபாதராண்ட. அவுரு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சின்னு கேட்டாரு. உனக்கே போன் போட்டுக் கேக்கலாம்னு பாத்தேன், அப்புறம் நானே வடக்கேர்ந்துன்னு சொல்லிட்டேன்."

மாடிக்குப் போய்க் கேமராவைப் படம் எடுத்தேன். கீழே இறங்கி வந்து தாள்களை வாங்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மோசஸ் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். நானும் பின்னால் போனேன். அந்த அறையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சுவரில் ஒரு பலகை, அதில் இரண்டு மீட்டர். கம்ப்ரஸரைச் சேர்த்ததும் ஜெனரேட்டரின் சத்தம் கனத்தது. மேலே சுற்றிய மின்விசிறியும் கொஞ்சம் சோம்பியது போலத் தெரிந்தது. மோசஸ் இரண்டாவது மீட்டரை விரலால் தட்டினார்.

"பாத்துக்கினியா? நாப்பத்தொம்பது. அம்பது வரணும். இந்தக் கெயவன் லோடு ஏறிச்சின்னா நாப்பத்தொம்பதைத் தாண்ட மாட்டான். ஒரு கட்டி ஐஸ் ஒறையறதுக்கு எப்பவும் ஆவறதவிட லேட்டாவுது. ஓனராண்ட சொன்னா, ஓடுது இல்ல, வுடுன்றாரு."

"புயல் வாரத்திலயும் இதுதானா?"

"எட்டு நாளும் இவன்தான். இப்பவும் கரண்டு போனா உன் கேமராவுக்கு இவன்தான். ஆயில் மாத்தறதுக்குன்னு மணி எழுதி வச்சிகீறேன், பாரு." சுவரில் கரியால் தேதி, போட்ட மணி, நிறுத்திய மணி என்று வரிசையாக எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக் கணக்கு கூரை வரை போயிருந்தது.

நான் வெளியே வந்து தணிகாசலத்துக்குப் போன் செய்தேன்.

"கோவளம் கேமரா பிரேம் வேகத்தை எதிலிருந்து எடுக்குது?"

"கரண்ட்லேர்ந்துதான்க்கா. லைன் லாக் போட்டு வச்சிருக்கேன். மீன் எறக்கற எடத்துல இருக்கற லைட்டால படத்துல பட்டை பட்டையா ஓடிச்சே, ஞாபகம் இல்லையா? கரண்டு ஒரு விநாடிக்கு அம்பது தடவை துடிக்கும், அதோட கேமராவைக் கட்டிட்டா பட்டை ஓடாது."

"கரண்டு நாப்பத்தொன்பது துடிச்சா?"

"ஈ.பி. கரண்டு அப்படியெல்லாம் எறங்காதுக்கா. கொஞ்சம் ஏறி எறங்கும், அதைப் பிழை வரம்புல சேர்த்துட்டோம்." பிறகு கேட்டார்: "எங்கிருந்து பேசறீங்க? இன்னா சத்தம் அது?"

"ஜெனரேட்டர் ரூம் வாசல்லேர்ந்து."

"புயலப்போ கேமரா அதுலயாக்கா ஓடிச்சு?" என்றார்.

கேமரா மெதுவாக ஓடினால் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரம் அதிகம். கல் அதிக தூரம் நகர்ந்திருக்கும். எங்கள் மென்பொருள் பிரேமை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளும். கல் உண்மையைவிட வேகமாக வந்ததாகக் கணக்குச் சொல்லும். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது என்றால் நூற்றுக்கு இரண்டு.

கணக்குப் போட்டது போதாது, எண்ணிப் பார்க்க வேண்டும். மோசஸை மாடிக்குக் கூட்டிப்போய், அவர் போனில் விநாடி ஓடும் கடிகாரத்தைப் போட்டு, கேமராவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

"இன்னா யக்கா, எனக்குப் போட்டோவா?"

"உன் போனுக்கு. ரெண்டு நிமிஷம் ஆடாம நில்லு."

"வெயில்ல ஆடாம நின்னா கீழ கீறவன் செலைன்னு நெனச்சுப்பான். மாமல்லபுரத்துக்குத் தூக்கினு பூடுவான்."

கீழே கேமராவோடு இணைத்திருந்த கணினியில் அறுபது விநாடிக்கு எத்தனை பிரேம் என்று எண்ணினேன். ஆயிரத்து நானூற்று எழுபது. ஒன்றேகால் மணிக்கு மின்சாரம் வந்தது. மறுபடியும் மோசஸை நிற்க வைத்தேன். ஆயிரத்து ஐந்நூறு. இரண்டையும் தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு விஷயம் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

அவர் சிரித்தார். "அப்போ என் ஜெனரேட்டருதான் அந்தக் கல்ல சூரியனாண்டேர்ந்து வெளிய தள்ளிச்சா? பரவால்லயே. பத்து கட்டி ஐஸுக்கே அவனுக்கு மூச்சு வாங்குது." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கட்டுரையில எங்க கம்பெனி பேரு வராதா?"

"தெரியலை."

"பெரியவரு பாவம் யக்கா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கேளம்பாக்கத்தில் நெரிசல், அரை மணி நேரம் நகரவில்லை. நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தாளில் 'உண்டு' என்று இருக்கிறது. அது பொய் இல்லை. பிரேம் வேகம் இருபத்தைந்து என்று சோதித்த தாளும் இருக்கிறது. அதுவும் பொய் இல்லை. கரிக்கணக்கைப் பார்க்க எந்த ஆராய்ச்சியாளரும் ஐஸ் கம்பெனிக்கு வரப்போவதில்லை. தணிகாசலமும் மோசஸும் மட்டும் அறிவார்கள்; தணிகாசலம் நான் சொல்வதைத்தான் சொல்லுவார், மோசஸின் பேச்சு டீக்கடையைத் தாண்டாது. இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நான் பேசாமலிருந்தால் சார் ஒரு கல்லோடு ஓய்வு பெறுவார். பின்னால் வேறு யாராவது இந்தப் பிழையைக் கண்டுபிடித்தால், அப்போது அவர் பெயரோடுதான் அது கண்டுபிடிக்கப்படும். கட்டம் போட்டவள் பெயர் எங்கும் இருக்காது. பஸ் நகர்ந்தது.

ஆபீசுக்குள் போனபோது மணி நாலே கால். சார் கூட்டத்தில் காட்ட வேண்டிய படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அன்று நான் உட்காரவில்லை; அவர் உட்காரச் சொல்லும் வரை நின்றேன்.

"கோவளம் கேமரா அந்த ராத்திரி ஜெனரேட்டர்ல ஓடியிருக்கு சார். மாட்டச் சொன்னது நான். தாள்ல அதுக்குக் கட்டம் இல்லை. கட்டம் போடாததும் நான்." எழுதி வந்த தாளை வைத்தேன்.

அவர் ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தார். படித்து முடிக்க வழக்கமான நேரம்தான் ஆயிற்று.

"எத்தனை தடவை எண்ணினீங்க?"

"நான் ஒரு தடவை, கணினி ஒரு தடவை. ரெண்டும் ஒண்ணுதான்."

"அன்னைக்கு ராத்திரியும் மீட்டர் நாப்பத்தொன்பதுல இருந்திருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

"சொல்ல முடியாது சார். அதே மிஷின், அதே லோடுன்னு மோசஸ் சொல்றார். கூட இருந்திருக்கலாம், குறைவா இருந்திருக்கலாம். அம்பதுன்னு மட்டும் சொல்ல முடியாது."

"அது போதும்" என்றார். கணினிப் பக்கம் திரும்பி, விநாடிக்கு இருபத்தைந்து என்றிருந்த இடத்தில் இருபத்து நாலரை என்று போட்டார். பாதையை மறுபடியும் ஓட்டினார். திரையில் 0.93 என்று வந்தது. ஏறத்தாழ ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவந்த கல்.

இருவரும் அதைப் பார்த்தோம். கீழே ரோட்டில் யாரோ மனை விற்பனைக்கு மைக்கில் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"கல் மேல எந்தக் குறையும் இல்லை" என்றார் சார். பிறகு கேட்டார்: "இதை வேற யாருக்குச் சொன்னீங்க?"

"தணிகாசலத்துக்கு. மோசஸுக்கு."

"மோசஸுக்குன்னா டீக்கடைக்கும் சொன்ன மாதிரி."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கரண்ட் இருக்கான்னு பத்து வருஷமா நானும் அந்தத் தாளைப் படிச்சேன். யாருடைய கரண்ட்னு எனக்கும் கேக்கத் தோணலை." எழுந்து டீ வாங்கப் போனார். அன்று திரும்பி வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. இரண்டு டம்ளரிலும் டீ ஆறியிருந்தது.

கூட்டத்துக்கு வரவில்லை என்று எழுதிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் இல்லை. காலை ஒன்பது மணிக்கு அவரே போன் செய்தார். "அந்தச் சுவரை முழுசா படம் எடுத்துட்டு வர முடியுமா?"

தணிகாசலத்தின் பைக்கில் நாங்கள் இருவரும் போனோம். மோசஸ் ஏணி போட்டுக் கொடுத்தார். தரையிலிருந்து கூரை வரை கரியால் எழுதிய மணிக்கணக்கை வரிவரியாகப் படம் எடுத்தோம். "இத வெள்ளையடிக்கணும்னு ஓனரு போன வாரம்தான் சொன்னாரு. நல்லவேள, சுண்ணாம்பு வாங்க ஆளில்ல" என்றார் மோசஸ். தணிகாசலம் ஏணியில் நின்றபடியே, "அண்ணாத்த, நீ எழுதின ஏழு ஒண்ணு மாதிரி கீது. இது ஏழா, ஒண்ணா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். மோசஸ் கடைசியில் கோபித்துக்கொண்டு, "நான் இன்னா உங்க ஆபீஸுக்கா எழுதினேன்? என் ஆயிலுக்கு எழுதினேன்" என்றார்.

அடுத்த ஏழு நாள் அந்தச் சுவரின்படி, கேமராவை மாட்டிய பிறகு ஜெனரேட்டர் ஓடிய ஒவ்வொரு இரவையும் எடுத்து, அந்த இரவுகளில் கோவளம் பார்த்த ஒவ்வொரு கல்லையும் மறுபடியும் கணக்குப் போட்டோம். ஏற்கெனவே 'பிரேம் குறைவு' என்றோ 'மேகம்' என்றோ காரணம் எழுதி மூடியிருந்த சில கல்லுக்கு உண்மையான காரணம் இதுதான் என்று தெரிந்தது. அதாவது, சரியாகவே மூடியிருந்தோம். தப்பான காரணத்தைச் சொல்லி. சார் அந்தப் பழைய தாள்களைக் கிழிக்க விடவில்லை. என் பழைய காரணத்தை ஒரு கோட்டால் அடித்து, அது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் புதியதை எழுதச் சொன்னார்.

கட்டுரையையும் மாற்றி எழுதினார். முதல் பக்கத்தில் கல் இல்லை, ஜெனரேட்டர் இருந்தது. பிழை எப்படி நேர்ந்தது என்ற பத்தியை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார். 'ஸ்டேஷன் தாளை வடிவமைத்த உதவியாளர்' என்று என்னைக் குறித்து எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அது 'நாங்கள்' என்று இருந்தது. நான் மறுபடியும் மாற்றினேன். அவரும் மறுபடியும் மாற்றினார். மூன்றாவது முறை விட்டுவிட்டேன். நன்றி சொல்லும் இடத்தில் மோசஸின் பெயரும், 'இரண்டு ஆண்டுகள் இயந்திரம் ஓடிய நேரத்தைச் சுவரில் பதிந்தவர்' என்ற குறிப்பும் இருந்தன. கம்பெனியின் பெயரும் இருந்தது.

சார் கூட்டத்துக்குத் தனியாகத்தான் போனார். புதன்கிழமை திரும்பினார். அவருக்கு இன்னும் பதின்மூன்று வேலைநாள் இருந்தது. பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன்.

"எப்படி சார் போச்சு?"

"கைதட்டல் ஒண்ணும் பெரிசா இல்லை. பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே மூணு பேர் எழுந்து வெளியே போயிட்டாங்க."

"பாதியிலேயா?"

"ஆமாம். அவங்களும் கேமரா வச்சிருக்கறவங்க. நான் முதல்ல தப்பா நினைச்சேன்." முந்தின இரவின் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்புறம் வராந்தாவில போய்ப் பார்த்தா, மூணு பேரும் மூணு மூலையில நின்னு போன் பேசிக்கிட்டிருந்தாங்க. அவங்கவங்க ஸ்டேஷனுக்கு. ஒருத்தர் ரொம்ப சத்தமா கேட்டுக்கிட்டிருந்தார், அது யார் கரண்டு, யார் கரண்டுன்னு."